எல்லாமே முக்கியம் என்றால் எதை முதலில் செய்வது? ஒரு நகராட்சிக் கருத்துக்கணிப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இருபது வார்டுகள் கொண்ட நடுத்தர அளவு நகராட்சி அது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடும் முன், நகராட்சி செய்யும் பதினான்கு பணிகளில் எந்தப் பணியை மக்கள் முக்கியமாக நினைக்கிறார்கள், எந்தப் பணிக்கு என்ன மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆணையர் விரும்பினார். கேள்வித்தாள் தயாரிப்பதும், வந்த விடைகளைப் படித்துச் சொல்வதும் எங்கள் சிறிய குழுவின் பொறுப்பு.

இந்த விருப்பம் வந்ததற்குக் காரணம் மன்றக் கூட்டங்கள்தான். சாலைதான் பிரச்சினை என்பார் ஒரு கவுன்சிலர். குடிநீர்தான் என்பார் இன்னொருவர். "என் வார்டு மக்கள் தினமும் கேட்பது இதைத்தான்" என்று இருவருமே சொல்வார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அவரவர் வீட்டு வாசலுக்கு வந்து பேசியவர்களின் குரல் மட்டுமே அவரவருக்குத் தெரியும். வராதவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

யாரிடம் கேட்பது

அலுவலகத்தின் முதல் யோசனை எளிமையானது. புகார் கொடுக்கவும் சான்றிதழ் வாங்கவும் வருகிறவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்துவிடலாம். ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும், செலவும் இல்லை. இதை நாங்கள் ஏற்கவில்லை. புகாரோடு வருகிறவரின் கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அவர் ஊர் முழுமைக்கும் பிரதிநிதி ஆகமாட்டார். எண்ணிக்கை பெருத்தால் இந்தக் கோணல் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று சொன்னது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தார்கள். பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பதும் தவறைக் கூட்டியது.

ஆகவே 400 வீடுகள் போதும், ஆனால் குலுக்கல் முறையில் எடுத்த வீடுகளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். சொத்து வரிப் பட்டியலை எடுத்து, ஏதோ ஓர் எண்ணில் தொடங்கி, சமமான இடைவெளியில் வீடுகளைக் குறித்தோம். (அந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் சொல்கிறேன்.) வீட்டுக்குள் யாரிடம் பேசுவது என்பதற்கும் ஒரு விதி வைத்தோம்: பெரியவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவர். கதவைத் திறந்தவரிடமே கேட்டு முடித்துவிடலாமே என்று களப்பணியாளர்கள் கேட்டார்கள். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் வீட்டிலேயே இருக்கும் பெண்களும்தான். வேலை முடிந்து இரவுப் பேருந்தில் இறங்கி இருட்டில் நடந்து வருகிறவர் தெருவிளக்கைப் பற்றிச் சொல்வது வேறாக இருக்கும். எனவே ஆள் இல்லாவிட்டால் மாலையிலும் விடுமுறை நாளிலும் போய், மூன்று முறை வரை முயற்சி செய்த பிறகே அந்த வீட்டை விட வேண்டும் என்றோம்.

வெள்ளோட்டத்தில் கண்டது

முதலில் இரண்டு தெருக்களில் வெள்ளோட்டம் விட்டோம். நகராட்சி ஊழியர் ஒருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் சேர்ந்து போனார்கள். ஒரு வீட்டில், குப்பை அள்ளும் பணிக்குச் சற்றும் யோசிக்காமல் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார் ஒருவர். ஊழியர் அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்ததும், மாணவரின் கையிலிருந்த தாளைத் தொட்டுக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, அதை ரெண்டுன்னு போட்டுக்கோ. அவரு நிக்கும்போது எப்படிச் சொல்றது? நாளைக்கு வண்டி எங்க தெருவுக்குள்ள வரணும்ல."

அன்று மாலையே ஊழியர்களைக் களப்பணியிலிருந்து விலக்கினோம். ஆணையர் தயங்கினார். வெளியாட்கள் போனால் மக்கள் கதவைத் திறப்பார்களா என்பது அவருடைய கவலை. நகராட்சிக் கடிதம் ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்து அனுப்புவது என்று சமரசமானோம். கதவுகள் திறந்தன.

வெள்ளோட்டம் இன்னும் மூன்று குறைகளைக் காட்டியது. "சாலையும் தெருவிளக்கும் எப்படி இருக்கின்றன?" என்று ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்டிருந்தோம். சாலைக்கு நான்கும் விளக்குக்கு ஒன்றும் கொடுக்க நினைத்தவர் குழம்பிப்போய் மூன்று போட்டார். நூலகத்துக்குப் போயே இராதவர்களும் மூன்று போட்டார்கள். "பயன்படுத்தியதில்லை" என்ற பதிலுக்கு இடம் வைத்ததும் அந்த மூன்றுகளில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. அப்புறம், ஒட்டுமொத்த மதிப்பெண்ணைக் கடைசியில் வைத்திருந்தோம். பதினான்கு பணிகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக் குறை சொல்லி முடித்தவரிடம் "மொத்தத்தில் நகராட்சி எப்படி?" என்றால், அந்த நேரத்துக் கசப்புதான் பதிலாக வரும். அதை முதல் கேள்வியாக மாற்றினோம்.

முதல் சிக்கல்: எல்லாவற்றுக்கும் ஐந்து

முதல் 60 படிவங்கள் வந்ததும் உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு பணிக்கும் இரண்டு மதிப்பெண் கேட்டிருந்தோம்: எவ்வளவு முக்கியம், எவ்வளவு நன்றாக நடக்கிறது. 'முக்கியம்' என்ற பத்தியில் நான்கும் ஐந்துமாகவே நிறைந்திருந்தது. குடிநீர் முக்கியம், வடிகால் முக்கியம், கொசு ஒழிப்பும் முக்கியம், பூங்காவும் முக்கியம். யாரைக் குறை சொல்ல முடியும்? தனித்தனியாகக் கேட்டால் எதையும் முக்கியமில்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

இத்தகைய விடைகளைக் கட்டம் போட்டுப் படிக்க ஒரு பழைய முறை உண்டு. மார்ட்டில்லா, ஜேம்ஸ் என்ற இருவர் 1977இல் ஒரு கார் விற்பனை நிலையத்தின் பழுதுபார்ப்புச் சேவையை உதாரணமாக வைத்து அதை எழுதினார்கள். முக்கியத்துவம் ஓர் அச்சு, செயல்பாடு இன்னோர் அச்சு. நடுவில் கோடு கிழித்தால் நான்கு கட்டங்கள். முக்கியம் அதிகம், செயல்பாடு குறைவு என்ற கட்டத்தில் விழுவதை முதலில் கவனிக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் சங்கடம். அளவுகோலின் நடுவான மூன்றில் கிழித்தபோது பதினான்கு பணிகளும் 'முக்கியம் அதிகம்' பக்கமே நின்றன. சராசரியில் கிழித்தபோது பளிச்சென்று நான்கு கட்டங்களும் நிரம்பின. ஆனால் சராசரியில் கிழித்தால், மதிப்பெண்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், ஏதோ சில பணிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தே தீரும். மிகச் சிறிய வித்தியாசத்தில் நூலகம் 'முக்கியமற்ற' கட்டத்துக்குப் போனது. அந்தப் படத்தைக் காட்டி நூலகத்துக்கான தொகையைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பேனா கிழித்த கோட்டை மக்களின் தீர்ப்பு என்று சொல்வது நேர்மையில்லை.

எனவே வேலையை நிறுத்திவிட்டு 'முக்கியம்' பகுதியை முழுக்க மாற்றினோம். பதினான்கு பணிகளின் பெயரும் படமும் போட்ட அட்டை ஒன்று. கூடவே பத்து வில்லைகள். "அடுத்த வருஷம் நகராட்சியின் முயற்சியெல்லாம் இந்தப் பத்து வில்லைதான். நீங்களே பங்கு போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டில் நானும் கூடப் போயிருந்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா வாசற்படியில் அட்டையை விரித்துக்கொண்டு, பத்தையும் அப்படியே வடிகால் படத்தின் மேல் குவித்தார். அவர் கை அட்டையை விட்டுப் போகவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றை எடுத்துத் தெருவிளக்கில் வைத்தார். பிறகு குடிநீருக்கு இரண்டு. மறுபடி யோசித்து, விளக்கில் வைத்ததைத் திரும்ப எடுத்து வடிகாலிலேயே போட்டார். "விளக்கு இல்லேன்னா டார்ச் அடிச்சுக்கலாம். தண்ணி வீட்டுக்குள்ள வந்தா எங்க போறது?" என்றார். முன்பு வந்த 60 படிவங்களில் ஒன்றில்கூட இப்படி ஒரு காரணம் கிடைத்திருக்கவில்லை. அந்த 60ஐ ஒதுக்கி வைத்துவிட்டு 400 வீடுகளையும் புதிதாகத் தொடங்கினோம். மூன்று வாரம் கூடுதலாகப் போனது. இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்கல்: வார்டுவாரித் தரவரிசை

விடைகள் முழுதாக வந்தபோது வடிகாலுக்கே அதிக வில்லைகள் விழுந்திருந்தன, அடுத்து சாலை. ஆனால் வடிகால் வில்லைகளில் பெரும்பாலானவை தாழ்வான பகுதிகளிலிருந்து வந்தவை. மேட்டுப் பகுதியில் வடிகாலை யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. ஊர்ச் சராசரி என்ற ஒற்றை எண் இரண்டு பகுதிகளையுமே சரியாகக் காட்டவில்லை.

அப்படியென்றால் வார்டுவாரியாகத் தாருங்கள் என்று கவுன்சிலர்கள் கேட்டார்கள். எந்த வார்டு முதலிடம், எது கடைசி என்று பார்க்கும் ஆசை. மறுத்துவிட்டோம். 400 வீடுகள் என்றால் ஊர் அளவிலான சதவீதம் ஏறக்குறைய 5 புள்ளி முன்பின் இருக்கலாம். அதையே இருபது வார்டுகளுக்குப் பிரித்தால் வார்டுக்கு இருபது வீடுகள், அதில் பிழை 20 புள்ளிக்கும் மேல் போய்விடும். ஒரு வார்டில் 50 சதவீதம் பேர் திருப்தி என்று வந்தால், உண்மை 30ஆகவும் இருக்கலாம், 70ஆகவும் இருக்கலாம். அதை வைத்து ஒரு கவுன்சிலரைப் பாராட்டுவதும் தப்பு, தலைகுனிய வைப்பதும் தப்பு. நிலத்தின் அமைப்பையும் குடிநீர்த் தொட்டிகளையும் வைத்து ஊரை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு நூறு வீடு என்று பார்த்தோம். அதிலும் 10 புள்ளி பிழை உண்டு. அறிக்கையில் அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதினோம்.

மூன்றாவது சிக்கல்: குடிநீர் மதிப்பெண் தலைகீழாக இருந்தது

எங்களை அதிகம் திகைக்க வைத்தது இதுதான். நீரேற்று நிலையப் பதிவேட்டின்படி புதிய விரிவாக்கப் பகுதிக்குத் தினமும் தண்ணீர் போகிறது. பழைய பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆனால் பழைய பகுதி மக்கள் குடிநீருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள், புதிய பகுதி மக்கள் மோசமான மதிப்பெண். பொறியாளர் படிவங்களைத் தள்ளிவைத்துவிட்டு, "ஜனங்களுக்கு எவ்வளவு செய்தாலும் போதாது" என்றார். பதிவேடே பொய்யாக இருக்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சந்தேகப்பட்டார்.

இரண்டு பகுதிகளுக்கும் போய்ப் பார்த்தோம், பொறியாளரும் வந்தார். பழைய பகுதியில் ஒரு பெண் சொன்னார்: "ஆறு மணிக்கு வரும், ஏழரைக்கு நிக்கும். இத்தனை வருஷமா அப்படித்தான்." குடங்களும் தொட்டிகளும் வேலைக்குக் கிளம்பும் நேரமும் எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஏற்பப் பழகியிருந்தன. புதிய பகுதியில் தண்ணீர் தினமும் வந்தது உண்மைதான். ஒருநாள் காலை பத்து மணிக்கு, மறுநாள் இரவு இரண்டு மணிக்கு. இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில், சத்தம் கேட்டு எழுந்திருக்க வேண்டும் என்று இரவில் குழாயைத் திறந்தபடி விட்டு, கீழே ஒரு தகர வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பொறியாளர் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை.

புதிய பகுதியில் வீடு வாங்கியவர்களுக்கு "தினமும் தண்ணீர்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கை வைத்தே அவர்கள் அளந்தார்கள். திருப்தி என்பது கிடைத்த சேவையை மட்டும் பொறுத்ததல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தையும் பொறுத்தது என்று ரிச்சர்ட் ஆலிவர் என்ற ஆய்வாளர் 1980இல் நுகர்வோரைப் பற்றி எழுதினார். உள்ளாட்சிப் பணிகளின் தரத்தை மக்கள் திருப்தியை மட்டும் வைத்து எடைபோடுவது தவறாகப் போகலாம் என்று பிரையன் ஸ்டிபாக் என்ற இன்னோர் ஆய்வாளர் 1979இலேயே எச்சரித்திருக்கிறார். நாங்கள் இதையெல்லாம் படித்தவர்கள்தான். ஆனாலும் அந்தத் தெருவுக்குப் போகும்வரை இந்த எண்ணை எங்களால் படிக்க முடியவில்லை. மதிப்பெண்ணை நம்பிப் பதிவேட்டைத் தள்ளியிருந்தாலும், பதிவேட்டை நம்பி மக்களைத் தள்ளியிருந்தாலும் தவறான முடிவுக்கே போயிருப்போம்.

எடுத்த முடிவுகள்

மன்றம் மூன்று முடிவுகளை எடுத்தது. தாழ்வான பகுதியின் வடிகால்களை மழைக்காலத்துக்கு முன்பே தூர்வாருவது, அதற்காக மேட்டுப் பகுதியின் சாலைப் பணியை ஓராண்டு தள்ளிப் போடுவது, புதிய பகுதிக்குத் தண்ணீர் திறக்கும் நேரத்தை நிலைப்படுத்துவது. நேரம் மாறினால் முந்தைய நாளே கைபேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள்.

சாலை தள்ளிப்போவதை மேட்டுப் பகுதி மக்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். ஒரு கவுன்சிலர் மட்டும் போய்ச் சொன்னார். தெருமுனையில் நின்று, தாழ்வான பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த படங்களைக் காட்டிப் பேசினார். மற்றவர்கள் சொல்லவே இல்லை.

அடுத்த ஆண்டு

ஓராண்டு கழித்து அதே அட்டை, அதே வில்லைகள், புதிய 400 வீடுகள். புதிய பகுதியில் குடிநீர் மதிப்பெண் தெளிவாக ஏறியிருந்தது. கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை, நேரம் மட்டும்தான் நிலையானது. மேட்டுப் பகுதியில் சாலை மதிப்பெண் இறங்கியது, அதை எதிர்பார்த்தே இருந்தோம்.

தாழ்வான பகுதியில் வடிகால் மதிப்பெண்ணும் ஏறியது. அலுவலகத்தில் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆண்டு மழை குறைவு. தூர்வாரியதால் ஏறியதா, மழை பெய்யாததால் ஏறியதா? அதே பகுதியில் ஒப்பந்தக்காரர் தாமதத்தால் தூர்வாராமல் விட்ட சில தெருக்கள் இருந்தன. அங்கும் மதிப்பெண் ஓரளவு ஏறியிருந்தது. தூர்வாரிய தெருக்களில் அதைவிட அதிகம். முன்னேற்றத்தில் ஒரு பங்கு மழையால் வந்தது என்றே அறிக்கையில் எழுதினோம். விடுபட்ட தெருக்களில் வீடுகள் குறைவு என்பதால் எவ்வளவு பங்கு என்று எண் போடவில்லை.

ஒட்டுமொத்த மதிப்பெண் அசையவே இல்லை. ஆணையருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் மக்கள் தங்கள் தேவையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தூர்வாரிய தெருக்களில் வடிகாலிலிருந்து விடுபட்ட வில்லைகள் தெருவிளக்குக்கும் கொசு ஒழிப்புக்கும் போயிருந்தன. ஒரு கவலை தீர்ந்ததும் அடுத்தது முன்னால் வந்து நிற்கிறது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று அவரிடம் சொன்னோம்.

பேச மறுத்த வீடுகள் முதல் ஆண்டைவிட அதிகம். "போன வருஷமும் வந்து எழுதிட்டுப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்று வாசலிலேயே கேட்டார்கள். மாணவர்களிடம் பதில் இல்லை. முதல் அறிக்கையை மன்றத்தில் வைத்தோம், மக்களிடம் வைக்கவில்லை. இது முழுக்க எங்கள் தவறு. பெங்களூருவில் சாமுவேல் பாலும் அவர் தொடங்கிய பொது விவகார மையமும் 1994, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில், நகரத் துறைகளுக்கு மக்கள் கொடுத்த மதிப்பெண்களை மக்கள் மதிப்பீட்டு அட்டையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு துறையின் பெயரையும் சொல்லி, முடிவுகளைப் பத்திரிகைகள் வழியாகவும் பொதுக் கூட்டங்களிலும் ஊர் முன்னால் வைத்தார்கள். 1994இல் மிக மோசமாக இருந்த திருப்தி 2003க்குள் பல துறைகளில் வெகுவாக உயர்ந்தது. அந்த உதாரணம் எங்களுக்கு முன்பே தெரியும். கேள்வி கேட்கும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, முடிவை மக்களிடம் திருப்பிக் கொடுப்பதை விட்டுவிட்டோம்.

பட்டியலில் இல்லாத வீடுகள்

இரண்டாம் சுற்றில் ஒரு மாணவி குறித்த கதவு எண்ணைத் தேடிப் போனார். முன்வீட்டில் ஆள் இல்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனபோது, அதே கதவு எண்ணில் நான்கு குடும்பங்கள், ஆளுக்கு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தன. சொத்து வரிப் பட்டியலில் உரிமையாளர் பெயர் மட்டும்தான் உண்டு. முதல் சுற்றில் நாங்கள் முன்வாசலைத் தட்டி, முன்வீட்டாரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறோம். வரி எண்ணே இல்லாத குடியிருப்புகள் குலுக்கலுக்குள்ளேயே வரவில்லை. லிட்டரரி டைஜஸ்ட் கதையைச் சொல்லி அலுவலகத்தின் யோசனையை மறுத்த நாங்களே, அதே தவறைச் சிறிய அளவில் செய்திருந்தோம்.

மீதமிருந்த நாட்களில் நேரில் நடந்து அடுப்புகளை எண்ணி (ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம்) ஒரு துணைப் பட்டியல் தயாரித்து, அதிலிருந்தும் சில வீடுகளைக் குலுக்கலில் எடுத்தோம். அந்த விடைகளை 400இல் சேர்க்காமல் தனியாக வைத்தோம். சேர்த்தால் முதல் ஆண்டோடு ஒப்பிட முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதால் சதவீதமாகவும் சொல்லவில்லை.

முதல் சுற்றில் பதினான்கு பணிகளில் மிகக் குறைந்த வில்லை பெற்றது பொதுக் கழிப்பறை. அதை வைத்து அதன் பராமரிப்புத் தொகையைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை மன்றத்தில் வந்தது. நல்லவேளையாகத் தீர்மானமாகவில்லை. துணைப் பட்டியல் வீடுகளில் அதிக வில்லைகள் விழுந்தது அந்தப் படத்தின் மேல்தான். மாணவியிடம் ஒரு பெண் ஆறு வில்லைகளை அங்கே வைத்துவிட்டு, "இதையும் கேக்கறீங்களா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் சுற்றில் மாற்றுவது

வரிப் பட்டியலை விட்டுவிட்டு, தெருத்தெருவாக நடந்து குடும்பங்களை எண்ணிய பிறகே குலுக்கல். களப்பணி முடிந்த இரண்டு மாதத்துக்குள் முடிவுகளைத் தெருமுனைகளில் படித்துக் காட்ட வேண்டும். எந்தப் பணி ஏன் தள்ளிப்போகிறது என்பதும் அதில் இருக்கும். குடிநீருக்கும் குப்பைக்கும், மதிப்பெண்ணுக்கு முன்னால் "உங்களுக்கு என்ன சொல்லியிருந்தார்கள்?" என்று ஒரு கேள்வி. ஒரே வீட்டிடம் மறு ஆண்டும் கேட்பதற்காக ஒரு பகுதி வீடுகளை நிலையாக வைத்துக்கொள்வோம், மழை கூடினாலும் குறைந்தாலும் அது ஓரளவு உதவும். பொறியாளர் ஒன்று கேட்டிருக்கிறார்: மதிப்பெண்ணும் பதிவேடும் முரண்படும் இடங்களுக்கு, அறிக்கை எழுதும் முன் அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

துணைப் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு முடிவைச் சொல்ல இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவியோடு நானும் போகிறேன்.